நைட்ரோ டிரக்கில் பிரேக் பிடிக்கவில்லையா? விரல் முதல் டயர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ரேடியோ கட்டுப்பாட்டு நைட்ரோ டிரக்கில், அதாவது நைட்ரோ எரிபொருள் எஞ்சினில் ஓடும் சிறிய மாதிரி வண்டியில், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘பெரிய சர்வோ வாங்கிப் போடுங்கள்’ என்பதுதான். சர்வோ என்பது டிரிகரின் அசைவுக்கேற்ப ஒரு கையைத் திருப்பும் சின்ன மோட்டார். அது தவறான பதில் என்று சொல்லமாட்டேன், அவசரமான பதில். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் டிரிகரைத் தள்ளும் விரலுக்கும் தரையைப் பற்றும் டயருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விசையைத் தின்னக்கூடியது. எது தின்கிறது என்று பார்க்காமல் ஒரு முனையில் மட்டும் பலத்தைக் கூட்டினால், எண்ணெய் படிந்த டிஸ்கை இன்னும் அழுத்தமாகத் தேய்ப்பீர்கள், வளையும் பிளாஸ்டிக்கை இன்னும் அதிகமாக வளைப்பீர்கள். பிரேக் மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் சர்வோ கடைசிக்குச் சற்று முன்புதான் வரும். டிரான்ஸ்மிட்டரில் எண்களைக் கூட்டுவது அதற்கும் பின்னால்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது

பெரும்பாலான நைட்ரோ டிரக்குகளில் சக்கரத்துக்கு ஒரு பிரேக் என்று கிடையாது. கியர்பாக்ஸின் வெளித்தண்டிலோ நடு டிஃபரென்ஷியலின் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பக்கத்திலோ மூன்று, நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிஸ்க் சுற்றுகிறது. அதன் இருபுறமும் இரண்டு பேடுகள். ஒரு பேடுக்குப் பின்னால் கேம், அதாவது ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்ட சின்ன எஃகுத் தண்டு. அது திரும்பும்போது அதன் விளிம்பு பேடைத் தள்ள, டிஸ்க் இரண்டு பேடுகளுக்கும் இடையே இறுகுகிறது. கேமைத் திருப்புவது ஒரு நெம்புகோல், நெம்புகோலை அசைப்பது ஒரு கம்பி, கம்பியை அசைப்பது சர்வோ. அதே சர்வோதான் எதிர்த்திசையில் திரும்பி, எஞ்சினுக்குக் காற்றையும் எரிபொருளையும் விடும் கார்புரேட்டரையும் திறக்கிறது. ஒரு சர்வோவுக்கு இரண்டு வேலை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தொல்லைகள் அங்கேதான் பிறக்கின்றன.

இவ்வளவு சிறிய டிஸ்க் எப்படி நான்கைந்து கிலோ எடையுள்ள வண்டியை நிறுத்துகிறது? டிஸ்குக்கும் சக்கரத்துக்கும் இடையில் பல்சக்கர விகிதம் இருப்பதால்தான். டிஸ்க் மூன்று முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்றால், டிஸ்கில் உண்டாகும் முறுக்குவிசை சக்கரத்தில் மும்மடங்காகிறது. இதனால் டிஸ்கில் நாம் மீட்கும் சிறிய பலம்கூடத் தரையில் பெரிதாகத் தெரியும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கலாம்

கருவியைக் கையில் எடுக்கும் முன் ஒரு கணக்கு. மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். உராய்வு எண் 0.6 உள்ள தரையில், நான்கு டயர்களும் தங்கள் முழுப் பிடிமானத்தையும் கொடுத்தாலும் வண்டி நிற்க 23, 24 மீட்டர் வேண்டும். புழுதி படிந்த தரையில் அந்த எண் 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர். வேகம் 30 கி.மீ. மட்டும்தான் என்றால், முதலில் சொன்ன தரையில் 6 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கில் வண்டியின் எடை வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள டிரக் என்றால் எதிர்பார்ப்பை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். அதில் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பிரேக் போட்டவுடன் எடை முன்பக்கம் சாய்வதால், பிடிக்கும் சக்கரங்களின் மேல் இருக்கும் சுமையும் குறைந்துவிடும். அந்த வண்டியை நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியோடு ஒப்பிட்டுக் குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை.

முதல் படி: சக்கரம் பூட்டுகிறதா என்று பாருங்கள்

எஞ்சினை இயக்க வேண்டாம். டிரான்ஸ்மிட்டரை முதலிலும் வண்டியிலுள்ள ரிசீவரைப் பிறகும் ஆன் செய்யுங்கள். வண்டியைத் தரையில் வைத்து, டிரிகரை முழுவதும் பிரேக் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் வண்டியை முன்னால் தள்ளுங்கள்.

சக்கரங்கள் சுற்றாமல் வழுக்கினால், பிடிப்பதற்கான பலம் இருக்கிறது. சுற்றிக்கொண்டே போனால் பலம் இல்லை. சில நடு டிஃபரென்ஷியல் வண்டிகளில் முன் சக்கரங்கள் நின்று பின்சக்கரங்கள் மட்டும் சுற்றும், அல்லது நேர்மாறாக நடக்கும். அந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி டிஸ்க் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

கையால் தள்ளும்போது பூட்டுகிறது, ஓடும்போது மட்டும் நிற்க மறுக்கிறது என்றால் காரணங்கள் குறைவு. எஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கலாம், சூட்டில் பேடின் பிடிப்பு குறையலாம், அல்லது டயர் வழுக்கலாம். ஓடும்போது சக்கரம் பூட்டி வண்டி சறுக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிரேக் அமைப்பில் கை வைக்க வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது டயரின் தேய்மானமும் தரைக்கேற்ற ரப்பரும்.

இரண்டாம் படி: எஞ்சின் தள்ளுகிறதா

ஒரு காலால் ஆக்ஸிலரேட்டரையும் இன்னொரு காலால் பிரேக்கையும் மிதித்தபடி காரை நிறுத்தப் பார்ப்பதைப் போன்ற நிலை இது. பிரேக்கில் எந்தக் குறையும் இருக்காது.

எஞ்சினைச் சூடாக்கி, வண்டியின் சக்கரங்கள் தரையில் படாதபடி ஒரு தாங்கியின் மேல் வைத்து ஐடிலில், அதாவது டிரிகரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில், விடுங்கள். சக்கரங்கள் நிற்க வேண்டும், அல்லது சோம்பலாகச் சுற்றி, டயரின் மேல் ஒரு துணியை மெல்ல வைத்தாலே நின்றுவிட வேண்டும். விடாப்பிடியாகச் சுற்றினால் ஐடில் வேகம் அதிகம், அல்லது கிளட்ச் விடுபடவில்லை.

எது என்று பிரித்தறிய எஞ்சினை நிறுத்துங்கள். ஆறிய பிறகு எஞ்சின் தண்டிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரங்களைச் சுற்றிப் பாருங்கள். கிளட்சின் வெளிக் கிண்ணமான கிளட்ச் பெல் ஃப்ளைவீலைச் சார்ந்திராமல் தாராளமாகச் சுற்ற வேண்டும். கரகரத்தாலோ இழுத்தாலோ பெல்லுக்குள் இருக்கும் பேரிங் போய்விட்டது, அல்லது கிளட்ச் ஷூவின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. இந்த பேரிங்குகள் சூட்டிலும் தூசியிலும் வாழ்பவை, ஆயுள் குறைவு. மலிவான பாகம் என்று ஒத்திப்போடாமல் மாற்றிவிடுங்கள். பலமாக பிரேக் போடும்போதெல்லாம் எஞ்சின் அணைந்துபோகிறது என்றாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இழுபடும் இந்தக் கிளட்ச்சைத்தான். சக்கரம் நிற்கும்போது அது எஞ்சினையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது.

கிளட்ச் நன்றாக இருந்தால் கார்புரேட்டரைப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது காற்று வடிகட்டியைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். நியூட்ரலில் (டிரிகரைத் தொடாத நிலையில்) ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ ஒரு சின்ன இடைவெளிதான் தெரிய வேண்டும். இப்போது பிரேக்கை முழுவதும் தள்ளுங்கள். அந்த இடைவெளி துளியும் மாறக் கூடாது. மாறினால், பிரேக் பிடிக்கும் அதே நேரத்தில் எஞ்சினுக்குக் காற்றும் எரிபொருளும் கூடிக்கொண்டிருக்கின்றன. வடிகட்டியைத் திரும்ப மாட்டும்வரை அந்த வாயைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள். ஒரு மணல் துணுக்கு எஞ்சினுக்குள் போனால் பிரேக்கைவிடப் பெரிய செலவு வந்து நிற்கும்.

மூன்றாம் படி: டிஸ்கும் பேடும்

நைட்ரோ எரிபொருளில் மெத்தனால், நைட்ரோமீத்தேன் ஆகியவற்றோடு எண்ணெயும் கலந்திருக்கிறது. எஞ்சினுக்கு மசகு அதுதான். எரிந்து முடிந்த பிறகும் அந்த எண்ணெய் புகையோடு வெளியே வருகிறது. புகைக்குழாயின் வாயில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு இருப்பது இதனால்தான். அது டிஸ்கின் மேல் படிந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பேட் வழுக்கத்தான் செய்யும். என் கணிப்பில் ‘பிரேக் பலவீனம்’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த எண்ணெய்தான்.

டிஸ்கைக் கழற்றும் முன் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூன்று இடங்கள் வழக்கமானவை. எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் சிலிகான் இணைப்பு கிழிந்திருக்கலாம். மேனிஃபோல்டின் கேஸ்கட் கசியலாம். நடு டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் அதற்குள் இருக்கும் சிலிகான் எண்ணெய் ஓரமாகக் கசிந்து நேராக டிஸ்கிலேயே இறங்கலாம். முதல் இரண்டும் கறுப்பாகப் பிசுபிசுக்கும். மூன்றாவது நிறமில்லாமல், தொட்டால் விரலில் வழுவழுவென்று ஒட்டும். புகைக்குழாயின் வாய் பிரேக் பக்கம் பார்த்திருந்தால் ஒரு சின்ன சிலிகான் வளைவுக் குழாயை மாட்டிப் புகையை வெளிப்புறமாகத் திருப்புங்கள். கசிவை அடைக்காமல் டிஸ்கைத் துடைத்தால் அடுத்த டாங்க் எரிபொருளுக்குள் பழைய நிலைக்கே வந்து நிற்பீர்கள்.

இனி கழற்றலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். துடைக்கப் பயன்படுத்தும் திரவங்கள் தீப்பிடிப்பவை. அதோடு மெத்தனால் எரியும் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பேடுகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை எடுத்தால் பேடுகளும் சில வண்டிகளில் அவற்றுக்கு நடுவே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளும் கையில் விழும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது.

இரும்பு டிஸ்க் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ பிரேக் கிளீனரோ ஊற்றிய துணியால், துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். பிரேக் கிளீனர் சில பிளாஸ்டிக்குகளைப் பாழாக்கும் என்பதால் அதை வண்டியின் மேல் பீய்ச்ச வேண்டாம். பாகத்தைத் தனியே எடுத்துத் துடையுங்கள். பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 320 எண் உப்புத்தாளை விரித்து, டிஸ்கை அதன் மேல் வைத்து வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடி எதற்கு என்றால், அது சமதளம். நாலைந்து சுற்றுத் தேய்த்தபின் டிஸ்கைப் புரட்டிப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் டிஸ்க் நேராக இருக்கிறது. சில இடம் பளபளப்பாகவே நின்றால் அங்கே பள்ளம், அதாவது டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது. இலேசான வளைவு தேய்ப்பில் போய்விடும். நீலம் பாரித்து வெளிப்படையாகக் கோணியிருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நார்ப்பொருளால் ஆன டிஸ்குகளும் உண்டு. புதிதாக இருக்கும்போது நன்றாகக் கவ்வும், ஆனால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தாலும் சூடேறியதும் உள்ளிருந்து மறுபடி கசியும். ஒரு முறை ஊறிப்போன நார் டிஸ்கைக் காப்பாற்ற முயல்வது வீண்வேலை. பேடுகளிலும் இப்படித்தான். உராய்வுப் பொருள் ஒட்டிய பேட் கண்ணாடிபோல மினுங்கினால் உப்புத்தாளில் தேய்த்து அந்த மினுக்கத்தை எடுத்துவிடலாம். எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மாற்றுவதாக இருந்தால் என் விருப்பம் எஃகு டிஸ்கும் உராய்வுப் பொருள் ஒட்டிய பேடுகளும். கழுவலாம், சூடு தாங்கும், நீண்ட நாள் வரும். வெறும் எஃகுப் பேட் எஃகு டிஸ்கோடு உரசும் கூட்டணி மட்டும் வேண்டாம். கிறீச்சிடும், பிடிப்பும் சீராக இராது.

திரும்பப் பொருத்தும்போது இரண்டு அசைவுகளைச் சரிபாருங்கள். டிஸ்க் தன் அச்சின் மேல் இடமும் வலமும் சற்றே நகர வேண்டும். ஒரு பேடைத்தான் கேம் தள்ளுகிறது. டிஸ்க் நகர்ந்து மறுபக்கப் பேடில் போய் அமர்ந்தால்தான் இரண்டு பக்கமும் பிடிக்கும். அச்சின் விளிம்பில் பிசிறு எழும்பி டிஸ்க் சிக்கிக்கொண்டால் பாதி பிரேக் போனது போலத்தான். நுண்ணிய அரத்தால் அந்தப் பிசிறை எடுத்துவிடுங்கள். அடுத்து, பேடுகள் தம் திருகுகளின் மேல் தடையில்லாமல் வழுக்க வேண்டும். அங்கே எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். துடைத்து உலர்வாக வைத்தாலே போதும்.

நான்காம் படி: இடைவெளியும் கேமும்

நியூட்ரலில் டிஸ்குக்கும் பேடுக்கும் இடையே இருக்க வேண்டிய இடம் மிகக் குறைவு. ஒரு விசிட்டிங் கார்டு செருகினால் சிறு தடையோடு வெளியே வர வேண்டும். பேடுகளின் திருகையோ அதற்கென உள்ள நட்டையோ கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் சமமாக இறுக்கி அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் தடையின்றிச் சுற்ற வேண்டும். உரசினால் ஓடும்போதே டிஸ்க் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிப்பை இழக்கும்.

இந்த இடைவெளியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கேமின் வடிவம் அப்படி. தட்டையான பக்கம் பேடோடு படிந்திருக்கும் நிலையிலிருந்து கொஞ்சம் திரும்பும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது. பேட் தேய்ந்து இடைவெளி பெரிதானால், டிஸ்கைத் தொடுவதற்கே கேம் வெகுதூரம் திரும்ப வேண்டும். பேட் தொடும் நேரத்தில் சர்வோவின் பயணம் தீர்ந்திருக்கும். அழுத்துவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. மிக மோசமான நிலையில் கேம் நிமிர்ந்து தன் உச்சத்தைத் தாண்டி அங்கேயே சிக்கிக்கொள்ளும், பிரேக் விடவே விடாது. கேமின் விளிம்புகள் மழுங்கி உருண்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: லிங்கேஜ், பலம் தொலைந்துபோகும் இடம்

சர்வோவை பிரேக்கோடும் கார்புரேட்டரோடும் இணைக்கும் கம்பிகளும் நெம்புகோல்களும்தான் லிங்கேஜ். இதைச் சோதிக்க ஒரு துணையாள் தேவை. அவரை டிரிகரை முழுவதும் தள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் வண்டியின் மேல் குனிந்து கண்ணை வைத்துப் பாருங்கள். மெதுவாகத் தள்ளி, விட்டு, மறுபடி தள்ளச் சொல்லுங்கள். பேட் டிஸ்கைத் தொட்ட பிறகும் சர்வோ கை திரும்பிக்கொண்டே இருக்கிறதா? கேமின் நெம்புகோல் அசையாமல் இருக்க, சர்வோ கை மட்டும் இன்னும் நகர்கிறது என்றால், அந்த நகர்வு நடுவே எங்கோ விழுங்கப்படுகிறது. எங்கே என்று தேடுங்கள்.

சர்வோவின் உடல் தன் தாங்கியில் ஆடுகிறதா? நான்கு திருகுகளில் ஒன்று அதிர்வில் கழன்றிருந்தாலே போதும், சர்வோ முழுதாகச் சாய்ந்து கொடுத்துவிடும். பிளாஸ்டிக் சர்வோ கை வில்போல வளைகிறதா? கம்பி நடுவில் புடைக்கிறதா? இழுக்கப்படும் கம்பி வளையாது, தள்ளப்படும் கம்பிதான் வளையும். உங்கள் வண்டியில் பிரேக் கம்பி தள்ளப்படும் அமைப்பில் இருந்து, அது நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், தடித்த கம்பிக்கு மாற்றுவது எந்த சர்வோவையும்விட அதிகப் பலன் தரும். கம்பியின் மேல் இருக்கும் காலர் என்ற சின்ன வளையம், தன் சின்னத் திருகு தளர்ந்து வழுக்குகிறதா? கம்பியில் அந்த இடத்தில் அரத்தால் ஒரு சின்னத் தட்டைப் பரப்பு உண்டாக்கி, திருகை அதன் மேல் அமர்த்தி, கழலாமல் இருக்கத் திருகுப் பசையும் ஒரு துளி வைத்தால் பிறகு நகராது.

அடுத்தது, பலரும் கவனிக்கத் தவறுவது: திராட்டில் கம்பியின், அதாவது கார்புரேட்டரைத் திறந்து மூடும் கம்பியின் ஸ்பிரிங். பிரேக் போடும்போது கார்புரேட்டர் ஏற்கெனவே ஐடில் நிறுத்தத்தில் மூடியிருக்கிறது, மேற்கொண்டு மூட முடியாது. ஆனால் சர்வோ கையோ அந்தத் திசையிலேயே மேலும் திரும்புகிறது. அந்த உபரி அசைவை, திராட்டில் கம்பியில் இருக்கும் ஸ்பிரிங் நசுங்கி ஏற்றுக்கொள்கிறது. ஸ்பிரிங் கடினமாக இருந்தாலோ காலர் அதை முன்கூட்டியே இறுக்கிவைத்திருந்தாலோ, சர்வோவின் பலத்தில் கணிசமான பங்கு பேடுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்கை நசுக்குவதிலேயே கழிந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் அணைந்திருக்கும்போது திராட்டில் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, முதல் படியில் செய்த தள்ளும் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிரேக் திடீரென்று இறுகினால் திருடன் அகப்பட்டான். காலரைப் பின்னுக்குத் தளர்த்தி, ஸ்பிரிங் கார்புரேட்டரை முழுதாக மூட மட்டும் போதுமான அளவுக்கு அழுத்தும்படி வையுங்கள். அந்தக் கம்பி கழன்ற நிலையில் எஞ்சினை எக்காரணம் கொண்டும் இயக்கக் கூடாது.

பிரேக் கம்பியில், நியூட்ரலில் காலருக்கும் சர்வோ கையின் பிவட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 மி.மீ. விடுங்கள். அதைவிட அதிகமானால் பயணம் வீணாகும். அறவே இல்லாமல் போனால் பிரேக் எப்போதும் உரசும். அந்த இடத்தில் எரிபொருள் குழாயின் சின்னத் துண்டு ஒன்றைச் செருகினால் பிடிப்பு மென்மையாகத் தொடங்கும். ஆனால் துண்டு நீளமாக இருந்தால் அதுவே பலத்தைத் தின்னத் தொடங்கும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

இனி நெம்புகோல் கணக்கு. சர்வோவின் பலம் கிலோ சென்டிமீட்டரில் சொல்லப்படுகிறது. 4 கிலோ சென்டிமீட்டர் சர்வோவில், மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளியுள்ள துளையில் கம்பியை மாட்டினால் கம்பிக்குக் கிடைப்பது சுமார் 2.7 கிலோ விசை. 10 மி.மீ. துளைக்கு மாற்றினால் 4 கிலோ. செலவே இல்லாமல் ஒன்றரை மடங்கு பலம்! விலையாகப் பயணத்தைக் கொடுக்கிறீர்கள்: சர்வோ கை 30 பாகை திரும்பும்போது வெளித்துளை 7.5 மி.மீ. நகரும், உள்துளை 5 மி.மீ. மட்டுமே. நான்காம் படியில் இடைவெளியைச் சரியாகக் குறைத்திருந்தால் 5 மி.மீ. தாராளம். குறைக்காதவருக்கு இந்த வழி மூடியே இருக்கும். வரிசைப்படி வரச் சொல்வது இதற்காகத்தான்.

மறுமுனையில், கேமின் நெம்புகோலில் நேர்மாறு: மையத்திலிருந்து தள்ளியிருக்கும் துளைக்குப் போனால் பலம் கூடும், பயணம் அதிகம் தேவைப்படும். பேட் கடிக்கும் தருணத்தில் கம்பியும் இந்த நெம்புகோலும் செங்கோணத்துக்கு அருகில் இருக்குமாறு கம்பியின் நீளத்தை அமையுங்கள். சாய்ந்த கோணத்தில் தள்ளினால் விசையின் ஒரு பகுதி கேமைத் திருப்பாமல் அச்சை உராய்வதிலேயே போகும்.

ஆறாம் படி: மின்சாரம், பிறகு சர்வோ

வளைவுகளில் பிரேக் இன்னும் மோசமாகிறதா? அப்படியானால் ரிசீவர் பேட்டரியைச் சந்தேகியுங்கள். ஸ்டியரிங் சர்வோவும் திராட்டில் சர்வோவும் ஒரே பேட்டரியிலிருந்து உண்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் சுமையை இழுக்கும்போது பலவீனமான பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

நான்கு சாதாரண ஆல்கலைன் செல்கள் பெயரளவில் 6 வோல்ட் என்றாலும் சுமையில் வேகமாகச் சரிபவை. நான்கு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் 4.8 வோல்ட். ஐந்து செல் என்றால் 6 வோல்ட், சுமையையும் நன்றாகத் தாங்கும். பெரும்பாலோருக்கு இதுவே போதும். இரண்டு செல் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் 6.6 வோல்ட். இரண்டு செல் லித்தியம் பாலிமர் பெயரளவில் 7.4, முழுதாக ஏற்றினால் 8.4. உங்கள் சர்வோவும் ரிசீவரும் அதைத் தாங்கும் என்று எழுதியிருந்தால் தவிர நேரடியாக மாட்டக் கூடாது. நடுவே ஒரு ரெகுலேட்டர் வேண்டும். பல சாதாரண சர்வோக்களுக்கு 6 வோல்ட்தான் எல்லை. சர்வோவின் பெட்டியில் இரண்டு மின்னழுத்தங்களுக்கும் பலத்தைக் குறிக்கும் இரண்டு எண்களை அச்சிட்டிருப்பார்கள். பேட்டரியை மாற்றினாலே எவ்வளவு கூடும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் சர்வோவை மாற்றும் நேரம் வந்துவிட்டது. தயக்கமில்லாமல் மாற்றுங்கள், இப்போது அந்தப் பலம் வீணாகாது. நடுத்தர டிரக்குக்கு 6 முதல் 8 கிலோ சென்டிமீட்டர், கனமான மான்ஸ்டர் டிரக்குக்கு 10க்கு மேல், உலோகப் பல்சக்கரத்தோடு. வாங்கும் முன் சர்வோவின் வெளித்தண்டில் எத்தனை பற்கள் என்று பாருங்கள். 23, 24, 25 என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன; ஒன்றின் கை மற்றொன்றில் உட்காராது. சர்வோ கையும் உலோகமாகவோ தடித்த நைலானாகவோ இருக்கட்டும்.

ஏழாம் படி: டிரான்ஸ்மிட்டர்

சர்வோவின் நியூட்ரல் நிலையை நகர்த்தும் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ நியூட்ரலில் நிற்கும்போது கையை மாட்டி, கம்பிகளைச் சரிசெய்த பிறகே இங்கே வர வேண்டும். டிரிம்மைப் பிரேக் பக்கம் நகர்த்திப் பலம் தேடுவது பலரின் வழக்கம். அதனால் நடப்பது, நியூட்ரலிலேயே பேட் உரசுவதுதான்.

சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று எல்லை வைக்கும் எண்ட் பாயிண்ட் அமைப்பை, பிரேக் பக்கத்தில், குறைவாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு படியாகக் கூட்டியபடி வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் பூட்டும் புள்ளி வந்ததும் நிறுத்துங்கள். முழு பிரேக்கில் பிடித்திருக்கும்போது சர்வோ விடாமல் முனகினால், போக முடியாத இடத்துக்குப் போக முயல்கிறது என்று பொருள். பேட்டரியை உறிஞ்சிக்கொண்டு, தானும் சூடாகி, கடைசியில் எரிந்துபோகும். முனகல் அடங்கும் வரை ஓரிரு படி குறைத்துக்கொள்ளுங்கள். டிரிகரின் அசைவை 70க்கு 30 என்றும் 50க்கு 50 என்றும் பிரிக்கும் வசதி சில டிரான்ஸ்மிட்டர்களில் உண்டு. 50க்கு 50 வைத்தால் பிரேக் பக்கம் விரலுக்குக் கூடுதல் தூரம் கிடைக்கும். பலம் கூடாது, கட்டுப்பாடு கூடும்.

எட்டாம் படி: பதப்படுத்தலும் சமநிலையும்

புதுப் பேடும் தேய்த்த டிஸ்கும் முதல் நிமிடத்திலேயே முழுப் பலத்தைக் காட்டாது. பாதி வேகத்திலிருந்து மிதமாக பிரேக் போட்டு நிறுத்துவதைப் பத்துப் பதினைந்து முறை, நடுவே சற்று ஆறவிட்டுச் செய்யுங்கள். பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்திய பிறகு பிடிப்பு தெளிவாகக் கூடும். எடுத்த எடுப்பில் முழு வேகத்திலிருந்து அழுத்தினால் பேட் மறுபடி மினுங்கிவிடும்.

முன்னுக்கும் பின்னுக்கும் தனி டிஸ்க் உள்ள வண்டியில், பின்பக்கம் அதிகமானால் வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும். முன்பக்கம் அதிகமானால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகும். நேர்பாதையில் பிரேக் போட்டுப் பார்த்து, வால் அலையாத எல்லைவரை பின்பக்கத்தைக் கூட்டி அங்கே நிறுத்துங்கள். டிஃபரென்ஷியலில் ஒரு பக்கம் மட்டும் டிஸ்க் இருந்தால், அதனுள் சற்றுத் தடித்த சிலிகான் எண்ணெய் ஊற்றுவது மறுபக்கச் சக்கரங்களுக்கும் பிடிப்பைக் கொண்டுசேர்க்கும்.

இரண்டு டாங்க் ஓட்டியதும் பேட் இடைவெளியை விசிட்டிங் கார்டால் மறுபடி அளந்துவிடுங்கள். புதுப் பேடுகள் தொடக்கத்தில் வேகமாகத் தேயும்.

லிங்கேஜிலோ எண்ட் பாயிண்டிலோ கை வைத்த ஒவ்வொரு முறையும் ஃபெயில்சேஃபை (சிக்னல் அறுந்தால் சர்வோ தானாகப் போய் நிற்கும் நிலையை) மறுபடி பதிவு செய்ய வேண்டும். பழைய அமைப்பில் பிரேக்காக இருந்த சர்வோ நிலை, துளையை மாற்றிய பின் வெறும் நியூட்ரலாகவோ, கை திரும்பும் திசையை மாற்றியிருந்தால் பாதித் திராட்டிலாகவோகூட இருக்கலாம். எஞ்சினை அணைத்து, சக்கரங்களைத் தூக்கிவைத்து, ரிசீவர் ஆனில் இருக்கும்போதே டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள். சர்வோ தானாகப் பிரேக் பக்கம் திரும்பி, சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாதபடி பிடித்துக்கொண்டால் எஞ்சினை இயக்கலாம்.